பெருவிரலில் மாட்டிய கொக்கி

கட்டின இடம் அசையாது, கட்டினவன்தான் அசைவான். கை இல்லாமல் கயிறு தின்பான், தின்னத் தின்ன முன்னால் போவான், வயிறு நிறைந்ததும் நின்றுவிடுவான். அவன் யார், சொல்லுங்கள் பார்ப்போம். படகு என்கிறீர்களா? படகு கயிறு தின்னாது. சிலந்தி என்கிறீர்களா? பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஆனாலும் இல்லை. ஊசிக்கணவாயில் பால் பல் விழாத பிள்ளையிடம் கேட்டால்கூட, இது ஒரு விடுகதையா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, "வின்ச்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும்.

ஏனென்றால் அந்த ஊர் மலையடிவாரத்து ஊர், அங்கே வீட்டுக்கு ஒரு ஜீப் இருந்தது, ஜீப்புக்கு முன்னால் உருளை ஒன்று இருந்தது, உருளையில் கயிறு சுற்றியிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி மழைக்காலத்துச் சேற்றில் இடுப்பளவு புதைந்தால், கயிற்றை இழுத்துக்கொண்டு போய் மேலே நிற்கிற மரத்தில் கட்டுவார்கள், பொத்தானை அழுத்துவார்கள், உருளை கயிற்றைச் சுற்றச் சுற்ற மரம் நின்ற இடத்தில் நிற்கும், வண்டி எழுந்து வரும். மரத்தின் பட்டை அறுபடாமல் இருக்க அகலமான துணிப்பட்டையைச் சுற்றித்தான் கொக்கி மாட்டுவார்கள். பாறையில் மட்டும் மாட்டவே மாட்டார்கள். மரம் பிடுங்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் முனகும், வேர் தெறிக்கிற சத்தம் கேட்கும், டிரைவர் குதித்து ஓட நேரம் கிடைக்கும். பாறை சொல்லாமல் வரும்.

இன்னொரு வழக்கமும் அந்த ஊரில் இருந்தது. புது வண்டியின் சாவியை முதலில் திருப்புவதும், புது வின்ச்சின் பொத்தானை முதலில் அழுத்துவதும் ஒரு குழந்தையின் கையாக இருக்க வேண்டும். குழந்தையின் கையில் பாவம் ஒட்டாது என்றார்கள்.

ஊருக்கு மேற்கே குனிஞ்சான் மலை நின்றது. எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிற ஆள் மாதிரி அது இருக்கும். அதன் கால், ஊரின் கடைசி வரிசை வீடுகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் அப்பால் வந்து முடியும்; அங்கே மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மொழுக்கைப் பாறைக்குப் பெருவிரல் என்று பெயர். மலையின் தோளில், மேகம் விலகாத உயரத்தில், ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பிலோமி என்கிற சிறுமியின் அம்மா லூர்துமேரி நர்ஸாக இருந்தாள்.

அவள் கீழே இறங்கி வருவதில்லை. காரணம் ஒரு வண்டி.

பிலோமியின் அப்பா சூசைமாணிக்கம் ஊர்க்கோடியில் ஜீப் பட்டறை வைத்திருந்தார். வருஷா வருஷம் பழைய கல்குவாரியில் வின்ச் போட்டி நடக்கும். கோயம்புத்தூரிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் வண்டிகள் வரும். செங்குத்தான பள்ளத்தில் இறங்கி, கயிற்றைக் கட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு எது முதலில் மேலே வருகிறதோ அதற்குக் கோப்பை. அந்தக் கோப்பைக்காக ராணுவ ஏலத்தில் எலும்பும் தோலுமாக வந்த ஒரு நாலு சக்கர இழுவை லாரியைச் சூசை முற்றத்தில் நிறுத்தி, அதன் அடிச்சட்டத்துக்கு இரட்டை இரும்பு வைத்துப் பற்றவைத்து, உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே கூண்டு கட்டி, கழுத்தளவு தண்ணீரிலும் மூச்சு விடுவதற்குக் காற்றுக்குழாயைக் கூரை வரை தூக்கி, ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றாமல் நாலும் சேர்ந்து கடிக்கும்படி பூட்டுப் போட்டு, ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயர்களை மாட்டி, அந்த டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கி அவை யானைப் பாதம் மாதிரி பரவுவதை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். லூர்துமேரி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அவளுடைய இட்லிக் கொப்பரையில் பல்சக்கரங்களை டீசலில் ஊறப்போட்ட அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தாள்.

"இந்த வண்டி இந்த முத்தத்துல நிக்கிற வரைக்கும் நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள்.

"போட்டி முடியட்டும் மேரி. முடிஞ்ச மறுநாள் வித்துடுறேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. கொப்பரைய நீங்களே வச்சுக்கங்க."

பிலோமியையும் கூப்பிட்டாள். மேலே பள்ளிக்கூடம் இல்லை, அதனால் பிலோமி கீழேயே இருந்துகொண்டாள். தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாயா, தலை பின்னினாயா, அந்தச் சனியன் இன்னும் நிற்கிறதா என்று அம்மா வரிசையாகக் கேட்பாள். பிலோமி வரிசையாகப் பதில் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு மேற்கே பார்ப்பாள். மேகம்தான் தெரியும்.

அந்த வருஷம் சூசை வண்டியின் நெற்றியில் புது வின்ச் வைத்தார். லாரிக்கு உயிர் கொடுக்கிற செல்ஃப் மோட்டார் இரண்டை ஒரே உருளையில் கோத்து, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேட்டரி வைத்து, அறுந்தால் காலைத் துண்டாக்குகிற இரும்புக் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஊதா நிற நார்க்கயிறு சுற்றினார். கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும், இல்லையென்றால் பாரம் ஏறும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும். அதைப் படிய வைப்பது பிலோமியின் வேலை. தோல் கையுறை போட்டுக்கொண்டு அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படிய வைத்த உருளை, நூல்கண்டு மாதிரி அழகாக இருக்கும்.

வைத்தாயிற்று. முக்க வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கத்தை அசையாத ஒன்றில் சங்கிலியால் பூட்டுவது, முன்கயிற்றை அசையாத இன்னொன்றில் மாட்டுவது, பொத்தானை அழுத்துவது. இரண்டு பக்கமும் அசையாமல் மோட்டார் முக்கி முனகி எப்போது நின்றுபோகிறதோ அதுதான் அதன் முழு பலம். பின்னால் பூட்டுவதற்குப் பட்டறையில் கான்கிரீட்டில் புதைத்த தண்டவாளத் துண்டு இருந்தது. முன்னால் மாட்டுவதற்கு மரம் இல்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த வருஷம்தான் ஊரெல்லையில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள்.

சூசை, இருந்த கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து, வெங்காயப் பாத்திகளைத் தாண்டி, கடைசி வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனார். சந்தின் ஓரத்தில் ஒச்சம்மாவின் வீடு. வெங்காயத் தோட்டமும் அவளுடையதுதான். அவளுடைய மகள் பாண்டீஸ்வரியும் பிலோமியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"என்ன சூசை அண்ணே, பாறையிலயா மாட்டப் போறீங்க?" என்று ஒச்சம்மா முறத்தோடு எழுந்து வந்தாள்.

"மரத்துக்கு எங்க தங்கச்சி போறது? நீ வேணா நில்லு, உன் இடுப்புல மாட்டுறேன்."

"மாட்டுங்க. உங்க வண்டி ரெண்டா பிஞ்சு போகும்."

சிரித்துக்கொண்டே சூசை பெருவிரலைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் கொக்கியை மாட்டினார். திரும்பி வந்து கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார், அறுந்தாலும் கயிறு துள்ளாமல் இருக்கும். நீள வயரின் முனையில் இருந்த சுவிட்சைப் பிலோமியின் கையில் கொடுத்தார். அதில் இரண்டு பொத்தான். ஒன்று இழுக்கும், ஒன்று விடும்.

பிலோமி இழுக்கும் பொத்தானை அழுத்தினாள்.

கயிறு விறைத்தது. மோட்டார் முனகியது. வண்டி அசையவில்லை. பெருவிரல் அசையவில்லை. ஆனால் உருளை நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, ஊதாக் கயிறு ஒழுங்காகப் படிந்துகொண்டே வந்தது, கயிறு ஒரு துளிகூட நீளவும் இல்லை அறவும் இல்லை. சூசை முஷ்டியை உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம். பிலோமி விரலை எடுத்தாள்.

"கயிறு வருது, எதுவும் நகரலயேப்பா" என்றாள்.

சூசை வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் தாண்டித் தாண்டிப் போன பாத்திகள் இப்போது சீப்பின் பல் மாதிரி நெருங்கி நின்றன. அதற்குப் பின்னால் வீடுகள் ஒல்லியாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் குனிஞ்சான் மலை, ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்ற ஆள் மாதிரி, பக்கத்தில் நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் தங்கள் வேலைக்கு அது உதவுமா என்று பார்த்தார்கள், அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஜீப் டிரைவர்கள் ஒரு நடை போன நேரத்தில் இரண்டு நடை போய் வந்தார்கள். மலைக்காற்று தெருவுக்குள் வந்ததால் மின்விசிறிகள் நின்றன, ஜவுளிக்கடையில் ஸ்வெட்டர் தொங்கியது. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டதால் பள்ளிக்கூடத்து மணியை முன்னால் தள்ளி அடித்தார்கள். மாரியம்மன் கோயில் தெப்பக்குளத்தில் ஒரு மிளா மான் வந்து தண்ணீர் குடித்தபோது அதற்கும் திருநீறு எறிந்தார்கள். அட்டைப்பூச்சி கடைத்தெருவுக்கு வந்தது, மளிகைக்கடைக்காரர் உப்புப் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துக்கொண்டார். காலி மனைகளில் 'மலையைத் தொட்டபடி வாழுங்கள்' என்று பலகை நட்டார்கள்.

நடுவில் இருந்தது எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் நடுவில் இருந்தவர்கள் மட்டும்தான். கடைசி வரிசையில் வீடும், வீட்டுக்குள் கட்டிலும், கட்டிலில் படுத்திருந்தவர்களும், அவர்களுடைய சோற்றுப்பானையும் ஒரே அளவில் ஒடுங்கியிருந்ததால், உள்ளே இருக்கிற வரைக்கும் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஊருக்குள் வந்தால்தான் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் பழைய ஒச்சம்மா; எதிரே நின்று பார்த்தால் கதவிடுக்கில் தெரிகிற ஒச்சம்மா.

அவள் ஊராட்சித் தலைவர் தனுஷ்கோடியிடம் போனாள். தனுஷ்கோடி நல்ல மனிதர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார்.

"உக்காரும்மா. எடம் பத்துதா? பத்துமே, உனக்கு இப்பக் கொஞ்சம் எடம் போதுமே" என்றார்.

"கேலி பண்ணாதீங்க தலைவரே. என் தோட்டத்தக் காணோம்."

"காணோம்னு வாயால சொன்னாப் போதுமா? அளப்போம்."

சர்வேயர் வந்தார். சங்கிலியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். தோட்டத்துக்குள் இறங்கியதும் சங்கிலியும் ஒடுங்கியது, சர்வேயரும் ஒடுங்கினார், அளந்து பார்த்தால் பட்டாவில் இருந்த அளவு அப்படியே இருந்தது, ஒரு விரற்கடை குறையவில்லை. வெளியே வந்ததும் பழையபடி விரிந்துவிட்ட சர்வேயர் தன் கையையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா? எல்லாம் சரியா இருக்கு. உனக்குத்தான் மனசு சரியில்ல" என்றார் தனுஷ்கோடி.

பள்ளிக்கூடத்தில் பாண்டீஸ்வரியைப் பிள்ளைகள் 'பேப்பர்' என்று கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கு மகிழ்ச்சிதான், அந்தப் பெஞ்சில் இன்னும் ஒரு பிள்ளையை உட்கார வைக்க முடிந்தது. பாண்டீஸ்வரி அழவில்லை. பிலோமியின் காதருகில் குனிந்து, "நல்லதுதாண்டி, கண்ணாமூச்சி விளையாடுனா என்னைய யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள். அவள் குரலும் கொஞ்சம் ஒல்லியாகியிருந்தது.

பிலோமி அன்றைக்குச் சாயங்காலம் போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல நினைத்தாள். அதற்குள் அம்மாவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பிலோ, ஒண்ணு தெரியுமா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா நம்ம ஊர் லைட்டு தெரியுதுடி. இத்தன நாளா தெரிஞ்சதே இல்ல. மாதா கோயில் சிலுவ கூடத் தெரியுது."

"நான் தெரியுறேனாம்மா?"

"நீ தெரியல. இன்னும் கொஞ்சம் கிட்ட இருந்தாத் தெரிவ."

பாண்டீஸ்வரியைப் பற்றிச் சொல்லாமலே பிலோமி போனை வைத்தாள்.

இரண்டாவது முறை இழுக்கச் சொல்லிச் சூசையிடம் வந்தது ஜீப் சங்கத்து ஆட்கள். சூசை மாட்டேன் என்றுதான் சொன்னார். வண்டியைக் குவாரிக்கு ஓட்டிப் போய்ப் பழகப் போகிறேன், அடுத்தவர் நிலத்தோடு எனக்கு விளையாட்டு வேண்டாம் என்றார். ஆனால் அவர் மனசில் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்த வின்ச் முக்கி நின்றுபோகவே இல்லை. அதன் முழு பலம் எவ்வளவு என்று அவருக்கு இன்னும் தெரியாது. பதினாறு வயதிலிருந்து இரும்போடு பழகிய மனிதனுக்கு அது பல்லில் மாட்டிய நார் மாதிரி. கடைசியில், "யாரு அழுத்துறது?" என்று மட்டும் கேட்டார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கையை நீட்டவில்லை.

"போன தடவ பாப்பாதான அழுத்துச்சு? ராசியான கை. சின்னப் பிள்ள கையில பாவம் ஒட்டாது" என்றார் தனுஷ்கோடி.

அப்படித்தான் முதல் தடவைக்கு மட்டும் இருந்த வழக்கம் எல்லாத் தடவைக்கும் என்று ஆகிப்போனது. பிலோமிக்குப் புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்துகிற விரலில் மருதாணி வைத்தார்கள். தேர் வடம் பிடிக்கிற நாள் மாதிரி பந்தல் போட்டு, நீர்மோர் ஊற்றி, அவளை வண்டியின் முன்னால் நிறுத்தி, ஊர் முழுவதும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டது. அவள் அழுத்தினாள். மலை வந்தது. நடுவரிசையாகிப்போன அந்தக் கடைசி வரிசையில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தார்கள். இழுத்தபோது உள்ளே இருந்ததால் அவர்கள் சர்வேயர் மாதிரி விரிந்துவிடவில்லை, ஒல்லியாகவே இருந்தார்கள், அவர்களுக்கு வாடகையைக் குறைத்துக் கேட்ட வீட்டுக்காரர்களை எல்லாரும் பெருந்தன்மை என்று பாராட்டினார்கள். நண்பகலில் அவர்கள் தெருவில் நடந்தால் நிழல் கரிக்கோடு மாதிரி விழுந்தது. எறும்புகள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சுற்றிப் போயின.

சூசை ஒரு தடவை பொத்தான்களை மாற்றி அழுத்திப் பார்த்தார், ஊரில் யாரும் இல்லாத ஒரு மதியத்தில், விடும் பொத்தானை. கயிறு தொய்ந்து தரையில் சுருண்டது. மலை நின்ற இடத்திலேயே நின்றது.

"விட்டா போகாதாப்பா?" என்று பிலோமி கேட்டாள்.

"போகாதுத்தா. வந்தது வந்ததுதான்."

அந்த மதியத்துக்குப் பிறகு சூசை சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு திருகைக் கழற்றுவார், துடைப்பார், திரும்ப மாட்டுவார்.

ஆனால் பிலோமிக்கு ஆஸ்பத்திரி தெரிய ஆரம்பித்துவிட்டது. மேகத்துக்குக் கீழே, தோளின் விளிம்பில், வெள்ளையாக, முதலில் ஒரு பல் அளவு, அடுத்த இழுப்புக்குப் பிறகு ஒரு தீப்பெட்டி அளவு. வாசலில் ஒரு வெள்ளைச் சேலை வந்து நிற்கும். பிலோமி மொட்டைமாடியில் ஏறி இரண்டு கையையும் ஆட்டுவாள். அந்தச் சேலையும் கையை ஆட்டும். இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் மலை மேலும் குனிந்து, ஆஸ்பத்திரி வாசல் தங்கள் மாடிக்கு எதிரே வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா தன் சபதத்தை விட வேண்டியதில்லை, வாசற்படியை மிதிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு பலகை போட்டால் போதும். தலை பின்னிவிடக் கை எட்டும்.

போட்டி நாள் வந்தது. அந்த வருஷம் குவாரிக்கு யாரும் போகவில்லை. மலையே முற்றத்துக்கு வந்திருக்கும்போது பள்ளத்தில் யார் இறங்குவார்கள்? கோயம்புத்தூர் வண்டிகளும் கோட்டயத்து வண்டிகளும் சூசையின் பட்டறையைச் சுற்றி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் பெருவிரலில் கொக்கி மாட்டி இழுத்துப் பார்த்தது. தண்டவாளத்தில் கட்டிய சங்கிலி அறுந்தது ஒன்றுக்கு, உருளையே பிய்ந்துகொண்டு வந்தது இன்னொன்றுக்கு. மலை அவற்றுக்கு வரவில்லை. கடைசியில் சூசையின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலையில் நடுவரிசையில் மிச்சம் இருந்தது ஒச்சம்மாவின் வீடு மட்டும்தான். முற்றத்துக்கும் பெருவிரலுக்கும் நடுவில், அலமாரியில் செருகிய புத்தகம் மாதிரி அது நின்றது. அவளைக் கிளப்பிப் பார்த்துவிட்டார்கள். அவள் கிளம்பவில்லை.

தனுஷ்கோடி ஒலிபெருக்கியை வாங்கினார். "ஒச்சம்மா, கடைசியாச் சொல்றோம், ஊர் நல்லதுக்கு நாம எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கித்தான் ஆகணும்" என்றார்.

ஒல்லியான கதவு திறந்தது. "நான் இதுக்கு மேல எங்க தலைவரே ஒதுங்குறது?" என்று ஒச்சம்மா கேட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

பாண்டீஸ்வரி மட்டும் முன்னாடியே வெளியே வந்திருந்தாள். சூசையின் வண்டிப் பக்கத்தில் வந்து பிலோமியின் அருகே நின்றாள். எதிரே நின்றதால் பிலோமிக்கு அவள் ஒரு மூக்கும் ஒரு கண்ணின் ஓரமுமாகத்தான் தெரிந்தாள்.

"நீ உள்ள போகலியா?" என்றாள் பிலோமி.

"போகணும். அம்மா தனியா இருக்கு."

"அம்மாவக் கூட்டிட்டு வந்துரு பாண்டி. எங்க வீட்ல இருங்க. எங்கம்மாவும் வந்துரும்."

"அம்மா வராது. வெங்காயம் காயப்போட்டுருக்கு" என்றாள் பாண்டீஸ்வரி. பிறகு, ரகசியம் சொல்வது மாதிரி, "நீ அழுத்துனா வலிக்காதுடி, பயப்படாத. உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாது. போன தடவ நான் வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்தேன், எழுத்து கூடக் கோணல. இந்தத் தடவதான்…" என்று நிறுத்தினாள்.

"இந்தத் தடவ என்ன?"

"கூப்பிட்டா வெளிய கேக்குமான்னு தெரியல."

சொல்லிவிட்டு அவள் பாத்தி ஓரமாகப் போனாள். திரும்பிய பொழுதில் ஒரு கணம் பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தாள், இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாக. அப்புறம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சூசை பெருவிரலில் பட்டையைச் சுற்றிக் கொக்கி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஈரச் சாக்கைக் கயிற்றின் மேல் போட்டார். போட்டதை எடுத்து உதறித் திரும்பவும் போட்டார்.

"அப்பா, வேண்டாம்னு சொல்லிருவமா?"

சூசை கூட்டத்தைப் பார்த்தார். ஜீப் டிரைவர்கள், கடைக்காரர்கள், மனை விற்றவர்கள், வாங்கியவர்கள், வெளியூர் வண்டிக்காரர்கள், எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். வண்டியைப் பார்த்தார். உருளையில் மகள் படிய வைத்திருந்த கயிற்றைப் பார்த்தார்.

"இதான் கடைசி. நாளைக்கே வித்துடுறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவிட்சை மகளின் கையில் வைத்தார்.

அப்போது மேலேயிருந்து குரல் கேட்டது. போன் இல்லாமல், கம்பி இல்லாமல், அம்மாவின் சொந்தக் குரல். மலையின் தோளில், ஆஸ்பத்திரி வாசலில், லூர்துமேரி நின்றாள். அவளுடைய முகம் தெரிந்தது, நெற்றிக்கு மேலே தூக்கிச் சொருகிய முடி தெரிந்தது. அவளுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மலை குனிந்திருந்ததால் நடுவரிசை அதன் வயிற்றுக்கு அடியில் மறைந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது மகள் மட்டும்தான்.

"பிலோ! தெரியுறடி! நல்லாத் தெரியுற!" என்று அவள் கத்தினாள். "எவ்வளவு வளந்துட்ட! இன்னும் கொஞ்சம்தான், வா!"

ஒலிபெருக்கி நின்றது. கூட்டம் நின்றது. பந்தலின் துணிகூட அசையவில்லை. மலையின் குளிர் எல்லாருடைய பிடரியிலும் இறங்கியது. மாடுகள் எழுந்து நின்று கிழக்கே திரும்பிக்கொண்டன.

"அழுத்து தங்கம்" என்றார் தனுஷ்கோடி மென்மையாக. "அம்மா கூப்பிடுதுல்ல?"

பிலோமி அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அம்மாவும் ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினார்கள். பிலோமியின் மருதாணி விரல் இழுக்கும் பொத்தானின் மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனுஷ்கோடி கழுத்தைத் திருப்பிக் கூட்டத்துக்குள் தேட ஆரம்பித்தார். கூட்டத்தில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிலோமி சுவிட்சை வண்டியின் பானட் மேல் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த தோல் கையுறையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். கயிற்றை ஒட்டியே நடந்தாள். நடக்க நடக்கக் கூட்டத்தின் கண்ணுக்கு அவள் ஒல்லியாகிக்கொண்டே போனாள், கதவருகில் போய்ச் சேர்ந்தபோது ஒரு கோடுதான் தெரிந்தது. கதவைத் திறந்தாள். ஒச்சம்மா வீட்டுக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள்.